பழைய மாரியோ ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான்?

கேள்வி இதுதான். சிறுவயதில் வீட்டு டிவி கேமில் சூப்பர் மாரியோவை எட்டாவது உலகம் வரை ஆடிய ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் மூலம் ஒரிஜினல் நிண்டெண்டோ பெட்டியையும் மாரியோ கேசட்டையும் வரவழைத்திருக்கிறார். புது எல்இடி டிவியில் இணைத்து ஆடினால், முதல் உலகத்தின் நான்காவது ஸ்டேஜையே தாண்ட முடியவில்லை. பட்டனை அழுத்தியும் மாரியோ குதிப்பதில்லை என்கிறார். பாட்டும் வேகமாகக் கேட்கிறது. “எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை நினைவு ஏமாற்றுகிறதா? பரணில் என் பழைய பெட்டி கிடக்கிறது. அதை இறக்கிச் சரிசெய்து ஆடலாமா?” என்று கேட்கிறார்.

உங்கள் நினைவு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் சின்ன வயதில் ஆடிய மாரியோ உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓடினான். அவன் ஐந்து அடி வைத்த நேரத்தில், இப்போது வந்திருக்கும் பெட்டியில் ஆறு அடி வைக்கிறான். போதாததற்கு, பட்டனை அழுத்தியதைப் புது டிவி சற்றுத் தாமதமாகத்தான் திரையில் காட்டுகிறது. ஒன்று வேகத்தைக் கூட்டுகிறது, இன்னொன்று உங்களுக்குக் கிடைக்கும் அவகாசத்தைக் குறைக்கிறது. இப்படி ஒரு கூட்டணிக்கு எதிரே யார் உட்கார்ந்தாலும் நான்காவது ஸ்டேஜ் நெருப்புக் கம்பியில் மாட்டத்தான் செய்வார்கள்.

வேகத்தை முதலில் பார்ப்போம், அதுதான் பலருக்குத் தெரியாதது.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் ஃபாமிகாம் என்ற கன்சோலுக்கு வந்தது, உங்கள் அமெரிக்க நிண்டெண்டோ பெட்டியின் ஜப்பானிய வடிவம் அது. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது, இசை கோஜி கொண்டோ. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை திரையை வரையும். இந்த கேமுக்குள் வேறு கடிகாரம் கிடையாது, டிவிதான் அதன் கடிகாரம். ஒரு படம் வரைந்து முடிந்ததும் எல்லாமே ஒரு படி நகரும்: மாரியோ, ஆமை, சுற்றும் நெருப்பு, மேலே குறைந்துகொண்டே வரும் நேரம், பாட்டு. நொடிக்கு 60 படம் என்றால் 60 படி.

நம் நாட்டு டிவி நொடிக்கு 50 முறை வரைவது, ‘பால்’ எனப்படும் முறை. அந்தக் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். அவற்றைச் செய்தவர்கள் ஒரு சாமர்த்தியமான வேலை பார்த்தார்கள். டிவி ஒரு படத்தைக் கோடு கோடாகத்தான் வரையும். ஜப்பானிய முறையில் ஒரு படத்துக்கு 262 கோடுகளுக்கான நேரம். நம் முறையில் 312. கேசட்டில் இருக்கும் கேம் ஜப்பானியக் கணக்கில் எழுதப்பட்டது, அதைக் குழப்பினால் படம் உடையும், பல கேம்கள் நின்றே போகும். அதனால் படத்தை வழக்கம்போல வரைந்து முடித்துவிட்டு, கூடுதலாக இருக்கும் 50 கோடு நேரத்துக்குப் பெட்டியைச் சும்மா காத்திருக்க விட்டார்கள். கேமுக்குத் தான் வேறு நாட்டில் ஓடுகிறோம் என்பதே தெரியாது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் ஓடும், ஆனால் நொடிக்கு 50 படிதான்.

நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று அதிகாரபூர்வமாக விற்ற மாரியோ கேசட்டில், 50-க்கு ஏற்றபடி மாரியோவின் வேகத்தையே திருத்தி எழுதியிருந்தார்கள். நம் பெட்டிகளில் ஓடியது திருத்தாத ஜப்பானிய, அமெரிக்கக் கேம். அதனால்தான் நம் தலைமுறைக்கு ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்த மாரியோ கிடைத்தான். ரஷ்யாவில் 1992-ல் ‘டெண்டி’ என்ற பெயரில் இதே வகைப் பெட்டி வந்து வீட்டுக்கு வீடு பரவியது. அங்கே வளர்ந்தவர்கள் கையில் இருப்பதும் இதே வேகம்தான்.

இதை என் வார்த்தையை நம்பி ஏற்க வேண்டாம், கடிகாரம் வைத்தே பார்த்துவிடலாம். முதல் ஸ்டேஜ் தொடங்கியதும் மாரியோவை நகர்த்தாமல் அப்படியே நிறுத்துங்கள். மேலே வலது மூலையில் நேரம் 400-லிருந்து குறையும். கேமின் ஒரு ‘விநாடி’ என்பது சரியாக 24 படம். எண் 300 ஆனதும் கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள், 200 ஆனதும் நிறுத்துங்கள். அமெரிக்கப் பெட்டியில் 40 விநாடி வரும். பரணில் இருக்கும் பெட்டியில் 48 வரும். இடையில் இருக்கும் அந்த 8 விநாடிதான் உங்களுக்கு வயதானது போல் தோன்றச் செய்தது.

எனக்கு இது தெரிய வந்தது தம்பியால். 1996 தீபாவளிக்கு அப்பா மதுரையில் ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். கூடவே வந்த மஞ்சள் கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே உண்மையில் பத்துப் பன்னிரண்டு கேம்கள், மீதி எல்லாம் அவையே வேறு வேறு பெயரில். நாங்கள் இருவரும் மாரியோவைத் தவிர மற்றதைத் தொட்டதே குறைவு. பல வருடம் கழித்து, 2011-ல், ஜப்பானிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் 1993-ல் வந்த மாதிரி ஃபாமிகாம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அப்போது எங்கள் வீட்டில் இருந்தது 21 இன்ச் பழைய டியூப் டிவி, ஜப்பானிய முறைப் படத்தையும் ஏற்கும். தாமதம் என்ற பிரச்சினையே இல்லாத டிவி. அப்படியும் முதல் உலகத்திலேயே மூன்று லைஃபும் போனது. நான் ரிமோட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மிருதங்கம் கற்றவனான தம்பி கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டான். “சுருதி அதேதான்ணே. காலப்பிரமாணம்தான் ஓடுது” என்றான்.

அவன் சொன்னது அச்சுப் பிசகாத உண்மை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்வரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது பெட்டியின் பிராசஸர் ஓடும் வேகம். ஜப்பானியப் பெட்டியில் 1.79 மெகாஹெர்ட்ஸ், நகல் பெட்டியில் 1.77. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அடுத்த ஸ்வரத்துக்கு எப்போது போவது என்பதைத் தீர்மானிப்பது படக்கணக்கு, அது 60-க்குப் பதில் 50. டேப் ரெக்கார்டரில் பேட்டரி குறைந்தால் வேகமும் குறையும், குரலும் கனத்துவிடும். இங்கே அப்படி இல்லை. சுருதி நின்ற இடத்திலேயே நிற்க, தாளம் மட்டும் தளர்ந்திருக்கிறது. கேட்பவருக்கு ‘ஏதோ தப்பு’ என்றே தோன்றாது. அதனால்தான் நாம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பாட்டில் இன்னொரு வித்தியாசமும் கேட்டிருப்பீர்கள். பல நகல் சிப்புகளில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறி இருக்கும். கேம் ஒன்றைக் கேட்டால் சிப் மற்றொன்றைக் கொடுக்கும். அதே மெட்டு, அதே ஸ்வரம், நாதம் மட்டும் வேறு. ஒரிஜினல் பெட்டியில் கேட்கும்போது “இது நம்ம பாட்டு இல்லையே” என்று மனசு ஒட்டாமல் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கொண்டோ எழுதியபடி ஒலிப்பது ஒரிஜினல்தான். ஆனாலும் நம் காதில் ஊறியது மற்றது, அதற்காக வருந்த ஒன்றும் இல்லை.

அடுத்து டிவி. பழைய டியூப் டிவிக்குப் படத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடமே கிடையாது. பெட்டி அனுப்பும் கோட்டை அந்தக் கணமே திரையில் வரைந்துவிடும். எல்இடி டிவி அப்படி இல்லை. வரும் படத்தை முழுதாக வாங்கி, தன் திரை அளவுக்குப் பெருக்கி, ‘அழகுபடுத்தி’, பிறகுதான் காட்டும். அதிலும் இந்தப் பழைய பெட்டிகள் அனுப்புவது 240 கோடு கொண்ட படம். பல புது டிவிக்கள் அதை இரண்டு பாதியாக வரும் சாதாரண ஒளிபரப்பு என்று நினைத்து, அடுத்தடுத்த படங்களை ஒட்டவைக்கப் பார்க்கும். படமும் மங்கும், நேரமும் போகும்.

இதனால் 80 மில்லிவிநாடி தாமதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பல டிவிக்களில் இது சாதாரணம். அமெரிக்கப் பெட்டிக் கணக்கில் அது சுமார் 5 படம். மாரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி (பிக்சல்) நகர்கிறான். ஐந்து படத்துக்கு பன்னிரண்டரைப் புள்ளி. ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளி. ஆக, பள்ளத்துக்கு ஒரு செங்கல் முன்னால் நிற்கிறான் என்று நீங்கள் திரையில் பார்க்கும் நேரத்தில், பெட்டிக்குள் அவன் கிட்டத்தட்ட விளிம்புக்கே வந்துவிட்டான். “நான் அழுத்தினேன், அவன் குதிக்கவே இல்லை” என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அழுத்தினீர்கள்தான். பெட்டிக்கு அது பிந்திப் போய்ச் சேர்ந்தது.

வாத்து சுடும் துப்பாக்கி உங்களிடம் இருந்தால் எல்இடி டிவியில் சுட்டுப் பாருங்கள், ஒரு வாத்துகூட விழாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள கண், டியூப் டிவியின் துடிப்புள்ள வெளிச்சத்தை, அதுவும் சரியான நொடித்துளியில், தேடும். எல்இடியில் அந்தத் துடிப்பும் இல்லை, வெளிச்சம் நேரத்துக்கும் வருவதில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டுவிட்டார்கள், பாவம் அது நன்றாகவே இருந்திருக்கும்.

டிவியில் செய்ய வேண்டியது எளிது. அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள், அழகுபடுத்தும் வேலைகளை எல்லாம் அணையுங்கள். படத்தை 4:3-க்கு மாற்றுங்கள். அகலத் திரையில் இழுத்துப் போட்டால் மாரியோ குண்டாகத் தெரிவான், தாவும் தூரத்தைக் கண் தப்பாகக் கணிக்கும். இதற்கு மேல் சுத்தமான தீர்வு வேண்டும் என்றால் பழைய டியூப் டிவிதான். பழைய சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும், எடைக்குப் போடுவதற்கு முன் கேளுங்கள். பழுது என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், பின் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் டியூபில் ஆளை வீழ்த்தும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

இனி பரண் பெட்டி. இறக்குங்கள், கட்டாயம் இறக்குங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கையை முதலில் படித்துவிடுங்கள்: அமெரிக்க நிண்டெண்டோவின் அடாப்டரை இந்தப் பெட்டியில் செருகவே கூடாது. அது 9 வோல்ட் ஏசி கொடுப்பது. அமெரிக்கப் பெட்டிக்குள் அதை டிசியாக மாற்றும் டயோடுகள் இருக்கின்றன. நகல் பெட்டிகள் டிசியை எதிர்பார்ப்பவை, உள்ளே அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. பின் ஒரே அளவாகப் பொருந்தினாலும் செருகாதீர்கள். அதேபோல் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே போட்டால் புகைந்துவிடும். இவ்வளவு நாள் ஆடியிருக்கிறீர்கள் என்றால் இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பீர்கள், அதை எடுத்துவிடாதீர்கள்.

பழைய பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், நடுப்பின் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஒரு சின்னப் படத்துடன் அச்சிட்டிருக்கும். ஜப்பானிய ஃபாமிகாமில் நடுப்பின் மைனஸ். நகல்களில் ஒவ்வொன்றும் ஒரு விதம். அது அழிந்து போயிருந்தால் ஊகிக்காதீர்கள், திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பழைய அடாப்டரையும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே இணையுங்கள்.

கேசட்டை ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஊதியதால் ஓடவில்லை, எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் ஓடியது. செருகும்போது உரசி, தொடர்பு புதிதாக ஏற்படுகிறது. வாயிலிருந்து போன ஈரம் செம்பைக் கறுக்கத்தான் செய்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, கேசட்டின் தங்க நிறப் பட்டைகளைத் துடையுங்கள். பஞ்சு கறுத்து வரும், வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். கேசட்டைத் திறந்தால் உள்ளே சிப் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பிசின் பொட்டு மட்டும் இருக்கும். அதற்குள்தான் எல்லா கேமும் இருக்கிறது, சுரண்டிப் பார்க்காதீர்கள். பேட்டரி எதுவும் இல்லாததால் மாரியோவில் அழிந்து போக ஒன்றும் கிடையாது.

அமெரிக்கக் கேசட்டை இந்தப் பெட்டியில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். பொருந்தாது. அதற்கு 72 பின், இதற்கு 60. மாற்றிப் பொருத்தும் சின்னப் பலகைகள் விற்கிறார்கள், ஆனால் தேவையில்லை. கேம் ஒன்றேதான்.

ரிமோட்டில் பட்டன் பிடிக்கவில்லை என்றால் நான்கைந்து திருகைக் கழற்றி, ரப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளையும் பலகையின் தடங்களையும் அதே ஆல்கஹாலில் துடைத்தால் போதும். பெரும்பாலும் உடைவது வயர்தான், அதுவும் ரிமோட்டுக்குள் நுழையும் இடத்தில். அங்கே ஒரு அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பப் பற்றவைத்தால் சரியாகிவிடும். படத்தை மஞ்சள் பின்னில் எடுக்க முடிந்தால் அப்படியே எடுங்கள். ஆன்டெனா வயர் வழியாக மட்டும் கொடுக்கும் பெட்டி என்றால், டிவியில் சேனல் சேனலாகத் தேடி டியூன் செய்ய வேண்டிவரும், முன்பு செய்தது போலவே.

பெட்டி உயிர் பிழைக்கவில்லை என்றாலும் அந்த வேகம் தொலைந்து போகவில்லை. பழைய பெட்டியைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் போன்ற எமுலேட்டர் மென்பொருள்களில் மண்டலம் என்ற அமைப்பில் ‘டெண்டி’ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் 50 படம், 1.77 மெகாஹெர்ட்ஸ், அந்தக் காத்திருக்கும் 50 கோடு, எல்லாம் அப்படியே வரும். ரஷ்யப் பிள்ளைகளின் நினைவைக் காப்பாற்ற யாரோ செய்த வேலை, மதுரையில் வளர்ந்த எனக்கும் உதவியது. முதன்முறை அதைப் போட்டுவிட்டு, தம்பிக்கு போன் செய்து பாட்டை மட்டும் கேட்க வைத்தேன். “இதுதான்ணே” என்றான், அதற்கு மேல் பேசவில்லை.

சரி, எதில் ஆடுவது? என் கருத்தைச் சொல்கிறேன். முதலில் 50-ல் ஒருமுறை முழுதாக ஆடி முடியுங்கள். உங்கள் கை கற்றது அதைத்தான், அந்தக் கணக்கை முதலில் நேர் செய்துவிடுங்கள். அப்புறம் அமெரிக்கப் பெட்டிக்கு வாருங்கள். ஒரு நல்ல செய்தி: மாரியோ தாவும் உயரம், தூரம், பள்ளத்தின் அகலம் எதுவும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எங்கே கால் வைத்து எங்கே தாவினால் எங்கே விழுவான் என்ற பாதை அதேதான். காலம் மட்டும் சுருங்கியிருக்கிறது. விளம்பக் காலத்தில் பாடம் செய்ததை மத்திம காலத்தில் வாசிப்பது போல. எனக்கு ஒரு வாரம் ஆனது, உங்களுக்கும் அவ்வளவுதான் ஆகும்.

பழகியபின் 60-தான் மேலான ஆட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் தாவல். இந்த கேமின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஏ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, மேலே போகும் மாரியோவைப் பூமி மெதுவாகத்தான் இழுக்கும். விட்ட மறுகணம் இழுப்பு கூடிவிடும். ஓடும் வேகத்தைப் பொறுத்துக் கிளம்பும் விசையும் மாறும். காற்றில் இருக்கும்போதும் கொஞ்சம் முன்பின் திருப்பலாம், ஆனால் முழுதாக அல்ல. அழுத்துவது ஒரே பட்டன், அதற்குள் எத்தனை விதத் தாவல் என்று பாருங்கள். 50-ல் இது நிதானமாக, சற்றே நீரில் மிதப்பது போல இருக்கும். 60-ல் கையும் காலும் ஒன்றாகிவிடும்.

கேம் மொத்தமே 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. 32 கிலோபைட்டில் 32 ஸ்டேஜும், பாட்டும், எதிரிகளின் புத்தியும் இருக்கின்றன. மீதி 8 கிலோபைட்டில் அத்தனை படங்களும். இடம் போதாமல் எப்படி எல்லாம் மிச்சம் பிடித்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், இந்த முறை ஆடும்போது பாருங்கள். வானத்து வெள்ளை மேகமும் தரையில் இருக்கும் பச்சைப் புதரும் ஒரே படம். நிறத்தை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எத்தனை நூறு முறை அந்த ஸ்டேஜில் ஓடியிருப்போம், எனக்கு முப்பது வயதுவரை தெரியாது.

முதல் ஸ்டேஜையே ஒருமுறை ஓடாமல் நடந்து பாருங்கள். அது ஒரு வகுப்பறை. முதல் கேள்விக்குறிப் பெட்டிகளில் ஒன்றை முட்டினால் காளான் வெளிவந்து வலப்பக்கம் போகும், குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கியே வரும். தலைக்கு மேலே செங்கல் இருப்பதால் தாவித் தப்புவது கடினம். எதிரி என்று பயந்து நிற்கும் பிள்ளையின் மேல் அது மோதி, அவன் பெரியவனாகிவிடுவான். காளான் நல்லது என்ற பாடம் ஒரு வார்த்தை இல்லாமல் முடிந்தது. இதை வேண்டுமென்றே அப்படி அமைத்ததாக மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார். ஸ்டேஜின் பின்பாதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவே வெறும் தரை. தவறினால் ஒன்றும் ஆகாது, திரும்ப ஏறிக்கொள்ளலாம். அடுத்து அதே மாதிரி இன்னொரு ஜோடி, இப்போது நடுவே பள்ளம். ஒத்திகை பார்க்க விட்டுவிட்டுத்தான் பரீட்சை வைக்கிறார்கள். நமக்கு ஆங்கிலம் படிக்க வராத வயதில், வழிமுறைப் புத்தகம் இல்லாத கேசட்டில், யாரும் சொல்லித் தராமல் நாம் இதை ஆடக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

புத்தகம் இல்லாததால் நாம் தவறவிட்டவையும் உண்டு. கேம் ஓவர் ஆனதும் முதல் உலகத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தோம் அல்லவா? தொடக்கத் திரையில் ஏ-யை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டைத் தட்டினால், நீங்கள் செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்தே தொடங்கும். பெட்டியை அணைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இது தெரிந்திருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்! மூன்றாம் உலகத்தின் முதல் ஸ்டேஜ் முடிவில் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமையின் ஓட்டை மிதித்து மிதித்து லைஃப் சேர்ப்பது பலருக்குத் தெரியும். ஆனால் நூற்றிருபதோடு நிறுத்திவிடுங்கள். 127-க்கு மேலே போன எண்ணைக் கேம் எதிர்மறையாகப் படித்துவிடும், அடுத்த முறை செத்ததுமே ஆட்டம் முடிந்துவிடும்.

நீங்கள் மாட்டிக்கொண்ட 1-4 பற்றி ஒன்று. நெருப்புக் கம்பிகளும் படக்கணக்கில்தான் சுற்றுகின்றன, அதனால் அவையும் உங்கள் நினைவில் இருப்பதைவிட வேகம். ஓடிக்கொண்டே வராமல், கம்பிக்கு முன்னால் நின்று ஒரு முழுச் சுற்றைப் பார்த்துவிட்டு, அது உங்களைக் கடந்து மேலே எழும்போது கிளம்புங்கள். நெருப்புப் பூ கையில் இருந்தால், கடைசியில் பாலத்தில் நிற்கும் பவுஸர் என்ற ராட்சத வில்லனைக் கோடாரி தொட்டு விழவைக்காமல், தள்ளி நின்று ஐந்து முறை நெருப்பால் அடியுங்கள். அவன் சாகும்போது வெறும் கும்பாவாக, அதாவது முதல் ஸ்டேஜிலேயே எதிரே நடந்து வரும் அந்தக் குட்டி எதிரியாக, மாறி விழுவான். முதல் ஏழு கோட்டைகளிலும் இருப்பது வேஷம் போட்ட போலிகள், ஒவ்வொரு கோட்டையிலும் வேறு வேறு பிராணி. எட்டாவதில் இருப்பவன்தான் நிஜம். இளவரசி வேறு கோட்டையில் இருப்பதாக ஏழு முறை சொல்லி அனுப்பியதற்கு இதைவிட நேர்மையான குறிப்பு இருக்க முடியாது. நாங்கள் எப்போதும் கோடாரியை நோக்கியே ஓடியதால் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

8-4 முடிந்து இளவரசி கிடைத்ததும் பெட்டியை அணைத்துவிடாதீர்கள். பி பட்டனை அழுத்தினால் எந்த உலகத்திலிருந்து வேண்டுமானாலும் திரும்பத் தொடங்கலாம். அந்த இரண்டாம் சுற்றில் கும்பாக்களே இருக்காது. அந்த இடங்களில் எல்லாம், நெருப்புக்குச் சாகாத கறுத்த ஓட்டு வண்டுகள் நடந்து வரும். முதல் சுற்றை உங்கள் பழைய பெட்டியில் 50-ல் முடியுங்கள், பிறகு அமெரிக்கப் பெட்டியில், டியூப் டிவியில், 60-ல் அதையே இன்னொரு முறை முடித்து, அணைக்காமல் அந்த இரண்டாம் சுற்றையும் ஆடுங்கள்.